திரும்பி வராத வாடிக்கையாளர்: பாலிச் சந்தையில் விலையும் தரமும்

பாலித் தீவுக்குப் புறப்படுகிறவர்களுக்கு, முன்பே போய்வந்தவர்கள் சொல்லி அனுப்பும் அறிவுரை அநேகமாக ஒன்றுதான். கடைக்காரர் சொல்லும் விலையில் மூன்றில் ஒரு பங்கைக் கேள், இறங்கி வராவிட்டால் நடையைக் கட்டு, பின்னாலேயே கூப்பிடுவார். இது பொய்யில்லை. சுகாவதி கலைப்பொருள் சந்தையிலும், உபுத் அரண்மனைக்கு எதிரே உள்ள சந்தையிலும், கூட்டா கடற்கரையை ஒட்டிய சந்துகளிலும் முதலில் சொன்ன விலை பாதிக்கும் கீழே இறங்குவது சாதாரணம். 2023இல் பாலிக்கு வந்த வெளிநாட்டவரில் ஆஸ்திரேலியர்களுக்கு அடுத்த இடம் இந்தியர்களுக்கு. ஆகவே பேரத்தில் பழுத்தவர்களைப் பார்த்து அந்தச் சந்தைக்கும் நன்றாகவே பழகிவிட்டது.

ஆனால் பேரம் பேசி விலையைப் பாதியாகக் குறைத்த ஒருவர், தான் வாங்கியது எந்த ஊரில், எதைக் கொண்டு, எத்தனை நாளில் செய்யப்பட்டது என்று பெரும்பாலும் சொல்ல முடியாது. அது தெரியாதபோது, கொடுத்த விலை மலிவா கூடுதலா என்பதும் தெரியாது. பாலியில் துணிமணியும் பரிசுப் பொருளும் வாங்குவதில் உள்ள உண்மையான சிக்கல் இதுதான். இதைப் புரிந்துகொள்ள, சந்தையை ஒரு தகவல் பிரச்சினையாகப் பார்த்த ஒரு மானுடவியலாளரிடமிருந்து தொடங்கலாம்.

பாதி கழன்ற சந்தை

கிளிஃபோர்டு கீர்ட்ஸ் 1950களில் ஜாவாவிலும் பாலியிலும் கள ஆய்வு செய்தவர். ஜாவாவின் ஒரு சந்தை நகரத்தையும் பாலியின் தபானான் நகரத்தையும் ஒப்பிட்டு அவர் எழுதிய நூல் 1963இல் வந்தது. பின்னர் மொராக்கோவின் செஃப்ரூ நகரச் சந்தையை ஆராய்ந்து, 1978இல் பொருளியல் இதழ் ஒன்றில் பஜார் பொருளாதாரம் பற்றிச் சிறு கட்டுரை எழுதினார். இப்படிப்பட்ட சந்தைகளில் பொருளைவிடத் தட்டுப்பாடானது தகவல் என்பது அவர் வாதம். எது நல்ல சரக்கு, இன்றைய நடப்பு விலை என்ன, யார் நம்பத்தக்கவர் என்பவை எல்லாருக்கும் சமமாகத் தெரிவதில்லை. தெரிந்தவர் வெல்கிறார்.

இந்தத் தட்டுப்பாட்டைச் சமாளிக்கச் சந்தையே இரண்டு வழிகளை உண்டாக்கி வைத்திருக்கிறது என்கிறார் கீர்ட்ஸ். ஒன்று பேரம். மற்றது வாடிக்கை: ஒரே கடைக்காரரிடம் திரும்பத் திரும்பப் போவது. பேரத்தில் விலை மட்டும் அசைவதில்லை என்பதையும் அவர் கவனித்தார். விலையை அப்படியே வைத்துக்கொண்டு அளவையோ தரத்தையோ சத்தமில்லாமல் மாற்றிவிடலாம். அதற்குத் தடையாக நிற்பது வாடிக்கை உறவுதான். நாளைக்கும் வரப்போகிறவரிடம் இன்றைக்கு மட்டமான சரக்கைத் தள்ள எந்தக் கடைக்காரரும் யோசிப்பார்.

சுற்றுலாத் தீவின் சந்தையில் இந்த இரண்டாவது வழி அடைபட்டுப் போகிறது. வருகிறவர் ஐந்து நாள், ஒரு வாரம் தங்குகிறார். மறுபடி வந்தாலும் அதே கடையைத் தேடிப் போவது அரிது. எஞ்சுவது பேரம் மட்டுமே. பேரமும் வாடிக்கையும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலையைப் பேரம் தனியாகச் செய்யும்போது, விலை இறங்குகிறது. கூடவே தரமும் இறங்குகிறது. வாங்குகிறவர் கண்ணில் படுவது முதலாவது மட்டும்தான்.

இதில் இன்னொருவரும் இருக்கிறார். பயணியை அழைத்து வரும் காரோட்டியோ வழிகாட்டியோ பல கடைகளில் விற்பனைக்குக் கமிஷன் பெறுகிறார். வெள்ளி நகைக்கும் மரச்சிற்பத்துக்கும் பேர்போன ஊர்களின் பெரிய காட்சிக்கூடங்களில் இது எல்லாருக்கும் தெரிந்த நடைமுறை. தகவல் இல்லாதவருக்குத் தகவல் தருவதுபோல் தோன்றும் அந்த ஆளுக்கும் விற்பனையில் பங்கு உண்டு. சுற்றுலா வாகனங்கள் வரிசையாக நிற்கும் கடையில் முப்பது விழுக்காடு தள்ளுபடி வாங்கியவர் கமிஷனுக்கு முந்தைய விலையைக்கூட எட்டாமல் போயிருக்கலாம்.

வாங்குகிறவர் மாறினால் பொருளும் மாறும்

பாலி எப்போதும் விற்கும் இடமாக மட்டும் இருந்ததில்லை. நீண்ட காலம் அது வாங்கும் இடமும்கூட. வடகடற்கரையில் உள்ள செம்பிரான் என்ற ஊரில் நடந்த அகழாய்வில், அரிக்கமேட்டில் கிடைத்ததைப் போன்ற சிறு சக்கரத்தை உருட்டிப் பதித்த வரிகள் கொண்ட இந்திய மட்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சோழமண்டலக் கரையை ஒட்டிய வணிக வலைக்குள் இத்தீவு இருந்தது என்பதற்கு அவை சான்று.

துணி வணிகத்தின் கதை இன்னும் தெளிவானது. பதினேழாம் நூற்றாண்டில் மசாலாத் தீவுகளில் ஜாதிக்காயும் கிராம்பும் வாங்க டச்சுக் கம்பெனிக்குத் தேவைப்பட்டது பணத்தைவிட இந்தியத் துணி. பழவேற்காட்டில் 1613இல் அவர்கள் கோட்டை கட்டியதற்கும், 1658இல் நாகப்பட்டினத்தைக் கைப்பற்றியதற்கும் இந்தத் துணி வணிகம் பெரிய காரணம். அந்தத் துணிகளை வாங்கிய தீவுவாசிகள் விவரமானவர்கள். எந்தச் சிவப்பு, எத்தனை அகலக் கரை, எந்தப் பூ என்பதில் பிடிவாதம் உள்ளவர்கள். பிடிக்காத சரக்கு அப்படியே தேங்கிப்போகும். அதனால் கம்பெனி ஊழியர்கள் மாதிரித் துணிகளைச் சோழமண்டலக் கரைக்கு அனுப்பி, அதேபோல் செய்யச் சொன்னார்கள். குஜராத்தின் படோலாப் பட்டு தீவுக்கூட்டம் முழுவதும் அரசகுலச் செல்வமாகப் பரம்பரை பரம்பரையாகக் காக்கப்பட்டது. விவரம் தெரிந்த, மீண்டும் மீண்டும் வாங்குகிற வாடிக்கையாளர் நெசவாளரின் கையைத் தொலைவிலிருந்தே திருத்தினார்.

இருபதாம் நூற்றாண்டில் இது தலைகீழாயிற்று. 1906இலும் 1908இலும் டச்சுப் படை தென்பாலியின் அரசுகளை வீழ்த்தியது. அதன்பின் டச்சுக் கப்பல் கம்பெனி பயணிகளை அழைத்துவரத் தொடங்கியது. அதன் பாலி ஹோட்டல் தென்பசாரில் 1928இல் திறக்கப்பட்டது. கோயிலுக்கும் அரண்மனைக்கும் ஓவியமும் சிற்பமும் செய்தவர்கள் இப்போது கப்பலில் வந்து ஓரிரு நாள் தங்கிப் போகிறவர்களுக்குச் செய்தார்கள். ஓவியம் நீண்ட துணியிலிருந்து பெட்டிக்குள் அடங்கும் சிறு தாளுக்கு மாறியது. புராணக் காட்சிகளின் இடத்தில் வயல், சந்தை, நடனம் வந்தன. இதில் அருமையான படைப்புகளும் பிறந்தன. அவசரத்தில் செய்த நகல்களும் குவிந்தன.

அந்தக் குவியலைக் கண்டு அஞ்சியவர்கள்தான் 1936இல் உபுத்தில் ‘பிதா மகா’ என்ற கலைஞர் சங்கத்தை உருவாக்கினார்கள். உபுத் அரச குடும்பத்தின் சொக்கோர்தா கெடே அகுங் சுகாவதி, கலைஞர் குஸ்தி ஞோமான் லெம்பாத், ஜெர்மானிய ஓவியர் வால்டர் ஸ்பீஸ், டச்சு ஓவியர் ருடால்ஃப் பொனே ஆகியோர் அதன் முன்னோடிகள். உறுப்பினர்களின் படைப்புகளைப் பார்த்து, தேறியதை மட்டும் கண்காட்சிக்கும் விற்பனைக்கும் அனுப்புவது சங்கத்தின் முக்கிய வேலை. கீர்ட்ஸின் மொழியில் சொன்னால், பயணியிடம் இல்லாத அறிவைப் பயணிக்குப் பதிலாக ஒரு குழு ஏற்றுக்கொண்டது. தரம் எது என்று முடிவு செய்தவர்களில் வெளிநாட்டவர் குரல் ஓங்கியிருந்தது என்ற விமர்சனம் நியாயமானது. ஆயினும் திரும்பி வராத வாடிக்கையாளரை நம்பிய சந்தைக்கு இப்படி ஏதாவது ஓர் அமைப்பு தேவை என்பதை அவர்கள் சரியாகவே கண்டுகொண்டார்கள். உலகப் போர் வந்து சங்கம் கலைந்தது. தேவை கலையவில்லை.

1970களில் கூட்டாவுக்கு அலைச்சறுக்கு வீரர்களும் நாடோடிப் பயணிகளும் வந்தபோது இன்னொரு திருப்பம். தங்களுக்குப் பிடித்த மாதிரி சட்டை தைத்துக்கொண்டவர்கள், ஊருக்குப் போகும்போது ஒரு மூட்டை எடுத்துப்போய் விற்று, அடுத்த பயணத்துக்குக் காசு சேர்த்தார்கள். அந்தச் சில்லறை ஆர்டர்களிலிருந்து பாலியின் ஆயத்த ஆடைத் தொழில் வளர்ந்து, தீவின் முக்கிய ஏற்றுமதிகளில் ஒன்றாயிற்று. இன்று செமிஞாக் கடைகளில் கண்ணாடிக்குப் பின்னே தொங்கும் லினன் சட்டையும், லெகியான் நடைபாதையில் கட்டுக்கட்டாகக் கிடக்கும் ரேயான் கால்சட்டையும் இந்த ஒரே மரபின் இரண்டு கிளைகள்.

துணி: மூன்று படிகள்

பாலியில் கண்ணில் படும் துணியை மூன்று படிகளாகப் பிரித்துப் பார்த்தால் விலையின் கணக்கு புரியும்.

முதல் படி, அச்சிட்ட ரேயான், பருத்தித் துணிகள். கடற்கரைச் சாரோங், மெல்லிய கவுன், ‘பாத்திக்’ சட்டை எல்லாம் பெரும்பாலும் இதில் அடங்கும். உண்மையான பாத்திக் என்பது மெழுகால் மறைத்துச் சாயமிடுவது. 2009இல் யுனெஸ்கோ இந்தோனேசியப் பாத்திக்கை மானுடப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அதன் தாயகம் ஜாவா. மெழுகிட்டதா அச்சிட்டதா என்று அறியத் துணியைத் திருப்பிப் பார்த்தால் போதும். மெழுகுப் பாத்திக்கில் சாயம் இரண்டு பக்கமும் ஏறியிருக்கும்; அச்சுத் துணியின் பின்பக்கம் வெளிறிக் கிடக்கும். வெயிலில் உடுத்தவும் நண்பர்களுக்குக் கொடுக்கவும் அச்சுத் துணியில் குறையொன்றும் இல்லை. அதைக் கைவேலை என்று நம்பி வாங்கும்போதுதான் நட்டம்.

இரண்டாம் படி, எண்டெக். ஊடை நூலை முன்கூட்டியே கட்டுக் கட்டிச் சாயமேற்றி, பிறகு கைத்தறியில் நெய்வது. கியாஞார், குளுங்குங், சிடெமன் பகுதிகளில் இதன் தறிகள் உண்டு. பாரிஸின் டியோர் நிறுவனம் 2021ஆம் ஆண்டுக்கான கோடைகாலத் தொகுப்பில் எண்டெக்கைப் பயன்படுத்தியது. அதே ஆண்டு பாலி ஆளுநர் வாயான் கோஸ்டர், செவ்வாய்க்கிழமைதோறும் எண்டெக் உள்ளிட்ட பாலி நெசவுத் துணிகளை உடுத்துமாறு சுற்றறிக்கை விட்டார். பெருந்தொற்றில் பயணிகள் அற்றுப்போய், 2020இல் பாலியின் பொருளாதாரம் 9 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கியிருந்த நேரம் அது. வெளியூர் வாடிக்கையாளர் இல்லாதபோது உள்ளூர் வாடிக்கையாளரை உருவாக்கும் முயற்சி என்று அந்த அறிக்கையைப் படிக்கலாம்.

இங்கே துணியைத் திருப்பிப் பார்க்கும் சோதனை பாதி வழிதான் உதவும். நெய்த எண்டெக்கில் உருவங்களின் ஓரம் சற்றுக் கலங்கியிருக்கும், இரண்டு பக்கமும் நிறம் ஒன்றாயிருக்கும். அச்சுப் போலியை இப்படிக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் பாலியில் எண்டெக் என்று விற்பதில் கணிசமான பங்கு, நடு ஜாவாவின் ஜெபாரா மாவட்டத்தில் உள்ள திரோசோ என்ற நெசவூரில் நெய்யப்படுகிறது. அதுவும் கட்டுச்சாயம்தான், அதுவும் தறிதான், விலை குறைவு. திரோசோ நெசவாளரும் உழைத்துப் பிழைப்பவரே. அவர் துணியில் பழுதில்லை. பொய் துணியில் இல்லை, கடையில் சொல்லப்படும் ஊர்ப்பெயரில் இருக்கிறது. தொட்டுப் பார்த்தும் பேரம் பேசியும் இதைக் கண்டறிய முடியாது. தறி இருக்கும் இடத்திலேயே வாங்குவதோ, எங்கே நெய்தது என்று கேட்டுப் பதிலின் விவரத்தை எடைபோடுவதோதான் வழி.

மூன்றாம் படி, கெரிங்சிங். கிழக்குப் பாலியில் தெங்கனான் பெகெரிங்சிங்கான் என்ற ஊரில் மட்டும் நெய்யப்படும் இரட்டைக் கட்டுச்சாயத் துணி இது. பாவு நூல், ஊடை நூல் இரண்டையும் தனித்தனியே கட்டிச் சாயமேற்றி, இரண்டும் சந்திக்கும் இடத்தில் உருவம் சரியாக விழும்படி நெய்யவேண்டும். இந்த நுட்பம் உலகில் இன்று குஜராத்தின் பாடன், ஜப்பான், தெங்கனான் என ஒரு சில இடங்களில்தான் உயிரோடிருக்கிறது. நூலைக் கெமிரி என்ற மெழுகுவர்த்திக் கொட்டையின் எண்ணெயில் பல நாள் ஊறவைக்கிறார்கள். சிவப்பு நுணா வேரிலிருந்து வருகிறது. அவுரிச் சாயத்தை ஊருக்குள் இடக்கூடாது என்ற வழக்கத்தால் அந்த வேலை பக்கத்து ஊரில் நடக்கிறது. ஒரு துணி முடிய ஆண்டுக்கணக்கில் ஆகலாம். நோயும் தீங்கும் அண்டாமல் காக்கும் துணி என்பதால் பல் அராவுதல் போன்ற சடங்குகளில் அதற்கு இடமுண்டு. இதன் விலையை மூன்றில் ஒரு பங்காகக் கேட்பவர், அடக்க விலைக்கும் கீழே கேட்கிறார். தெரியாமல் கேட்டாலும் அது அவமதிப்புத்தான்.

நகை, சிற்பம், பரிசு

துணியில் ஊர்ப்பெயர் செய்வதை வெள்ளியில் முத்திரை செய்கிறது. செலுக் ஊரின் பொற்கொல்லர்கள் நுண்ணிய வெள்ளி மணிகளை ஒட்டவைத்துச் செய்யும் வேலை பேர்பெற்றது. 925 என்ற முத்திரை 92.5 விழுக்காடு வெள்ளி என்பதைச் சொல்லும். வேலைப்பாட்டின் நேர்த்தியைச் சொல்லாது. முலாம் பூசிய நிக்கல் கலவையிலும் அதே எண்ணைப் பொறித்து விற்பவர்கள் உண்டு. எடையைக் கேட்டு, அன்றைய வெள்ளி விலையைக் கழித்து, மிச்சத்தை வேலைக்கூலியாக எண்ணிப் பார்ப்பது நம் ஊர் நகைக்கடையில் எல்லாரும் செய்யும் கணக்குத்தான். செலுக்கில் அது இன்னும் பொருந்தும்.

வடிவம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் இங்கே நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2008இல் பாலியைச் சேர்ந்த வெள்ளி வடிவமைப்பாளர் ஒருவர், வெளிநாட்டவர் தொடங்கிய நிறுவனம் பதிவு செய்த வடிவத்தை நகலெடுத்ததாக வழக்கில் நிறுத்தப்பட்டார். அது பாலியின் பழைய வடிவம் என்று அவர் வாதாடினார், விடுதலை ஆனார். அந்த வழக்குக்குப் பிறகு தங்கள் பாட்டன் பூட்டன் வடிவங்களைப் பதிவு செய்வது பற்றிய அக்கறை பாலிக் கைவினைஞரிடையே கூடியது.

மரவேலையில் ஊர்ப்பெயரே கடல் தாண்டிப் போகிறது. மாஸ் ஊரின் நுண்சிற்பங்களுக்குப் பக்கத்திலேயே, தெகல்லாலாங் சாலையோரத்தில் ஒட்டகச்சிவிங்கியும் ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் ஊதுகுழலும் அடுக்கடுக்காக நிற்கும். எந்த நாட்டு நினைவுப் பொருளையும் ஆர்டரின் பேரில் செய்துதரும் கை அங்கே இருக்கிறது. இது எங்கே போய் முடியும் என்பதை ஆஸ்திரேலியா பார்த்துவிட்டது. இந்தோனேசியாவில் செய்த பூமராங்குகளையும் ஊதுகுழல்களையும் பழங்குடிக் கலைஞர்களின் கைவேலை என்ற தோற்றத்தில் விற்ற ஒரு நிறுவனத்துக்கு அந்நாட்டின் கூட்டாட்சி நீதிமன்றம் 2019இல் 23 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

பரிசுகளில் ஒதுக்கவேண்டியவையும் உண்டு. கடலாமை ஓடு, பவளம், பாதுகாக்கப்பட்ட சங்கினங்கள் ஆகியவற்றை வாங்கினால் விமான நிலையத்தில் சட்டச் சிக்கல். புனுகுப்பூனை தின்று கழித்த கொட்டையிலிருந்து வரும் லுவாக் காப்பியும் அப்படி யோசிக்கவேண்டியது. பாலியின் 16 தோட்டங்களில் கூண்டுப் பூனைகளைப் பார்த்து 2016இல் வெளியான ஆய்வு, அவற்றின் நிலை படுமோசம் என்றது. காட்டில் பொறுக்கியது என்று சீட்டில் எழுதியிருந்தால், அதைச் சரிபார்க்க வாங்குகிறவரிடம் எந்த வழியும் இல்லை.

உள்ளூர்க்காரர் வாங்கும் இடம்

வாடிக்கை இல்லாத சந்தையில் பயணிக்குக் கிடைக்கும் சிறந்த உதவி, வாடிக்கை உள்ள சந்தைக்குப் போவதுதான். பாலியர்கள் கோயிலுக்கு உடுத்த கெபாயா என்ற மேற்சட்டை, தலைக்கட்டு, இடுப்புத்துணி, படையல் கூடை எல்லாவற்றையும் தாங்களே வாங்கவேண்டியவர்கள். 210 நாளுக்கு ஒருமுறை வரும் கலுங்கான் பண்டிகைக்கு முன் இந்த வாங்கல் உச்சத்துக்குப் போகும். தென்பசாரின் பாடுங் சந்தையும் ஆற்றின் மறுகரையில் கும்பசாரியும் இவர்களுக்கானவை. 2016இல் தீக்கிரையான பாடுங் சந்தை 2019இல் புதுக் கட்டடத்தில் மீண்டும் திறந்தது. அருகே சுலவேசி சாலையில் துணிக்கடைகள் வரிசையாக இருக்கின்றன. அரபு, இந்திய வம்சாவளி வணிகர்கள் பலர் அங்கே மீட்டர் கணக்கில் துணி விற்கிறார்கள். இங்கும் பேரம் உண்டு, ஆனால் இடைவெளி சிறியது. பக்கத்தில் நிற்கும் உள்ளூர்ப் பெண்ணுக்கு அந்தத் துணியின் நேற்றைய விலை தெரியும். தெரியாதவருக்கு அவரே காவல்.

உள்நாட்டுப் பயணிகள் இன்னொரு தீர்வைக் கொண்டுவந்தார்கள். ஆண்டுதோறும் வெளிநாட்டவரைவிட அதிகமான இந்தோனேசியர்கள் பாலிக்கு வருகிறார்கள். ஊர் திரும்பும்போது வீட்டாருக்கும் அலுவலகத்தாருக்கும் எல்லாருக்கும் ஏதாவது கொண்டுபோவது அவர்கள் நாட்டில் கட்டாயக் கடமை. இருபது பேருக்கு வாங்குகிறவருக்குப் பேரம் பேச நேரமில்லை. அவர்களை நம்பி எழுந்தவை கிருஷ்ணா போன்ற விலைச்சீட்டு ஒட்டிய பெரிய பரிசுக் கடைகளும், 1981 முதல் வாசகம் அச்சிட்ட சட்டைகளுக்குப் பேர்பெற்ற ஜோகெரும். சந்தையில் இறங்கும் முன் இப்படி ஒரு கடையில் விலைச்சீட்டுகளைப் படித்துவிட்டுப் போகிறவர் மூன்றில் ஒரு பங்கு சூத்திரத்தை மனப்பாடம் செய்தவரைவிட நன்றாகப் பேரம் பேசுவார்.

எவ்வளவு பேசலாம்

ஒரு லட்சம் ருபியா நம் பணத்தில் 500 ரூபாய்க்குச் சற்று மேல். சுழியங்களின் வரிசை மிரட்டுவதால் பலர் பத்தாயிரம் ருபியாவுக்கு அரைமணி நேரம் வாதாடுகிறார்கள். அது ஐம்பது ரூபாய். கூட்டா அடங்கிய பாடுங் மாவட்டத்தில் 2024இல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் சுமார் 33 லட்சம் ருபியா, அதாவது பதினேழாயிரம் ரூபாய் சொச்சம். சந்தையில் கடை போட்டிருக்கும் பெண்களில் பலருக்கு அந்த உத்தரவாதமும் கிடையாது. காலையில் முதல் விற்பனைக்கு அவர்கள் விலையை இறக்குவதும், வாங்கிய நோட்டால் மற்றச் சரக்கையெல்லாம் தட்டி நல்ல வியாபாரம் வேண்டுவதும் நம் ஊர்ப் போணியை அறிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லாத வழக்கம். அந்த நேரத்தில் விலை கேட்டுப் பேசி முடித்துவிட்டு வாங்காமல் நகர்வது மட்டும் கூடாது.

தேடலில் இரண்டு வகை உண்டு என்று கீர்ட்ஸ் பிரித்தார்: பல கடைகளில் ஒரே கேள்வியைக் கேட்பது ஒன்று, ஒரே கடையில் பல கேள்விகளைக் கேட்பது மற்றொன்று. ஒன்றுபோல் ஒன்று இல்லாத சரக்குக்கு இரண்டாவதே பயன் தரும் என்பது அவர் கண்டது. அச்சிட்ட சாரோங்குக்கு முதல் வகை போதும். பத்துக் கடையில் அதேதான் தொங்குகிறது. எண்டெக், வெள்ளி, மரச்சிற்பம் என்று வரும்போது எங்கே நெய்தது, என்ன சாயம், எத்தனை நாள் வேலை, யார் செதுக்கியது என்ற கேள்விகள் வேண்டும். தெரிந்தவர் விரிவாகச் சொல்வார். தெரியாதவர் மறுபடியும் விலையைக் குறைப்பார். கேள்விக்குப் பதிலாகத் தள்ளுபடி வந்தால், அந்தத் தள்ளுபடியே பதில்.

பிதா மகாவின் தேர்வுக்குழு, வெள்ளியின் முத்திரை, ஆளுநரின் செவ்வாய்க்கிழமை, விலைச்சீட்டு ஒட்டிய கடை எல்லாம் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நோக்கில் வந்தவை. ஆயினும் வாடிக்கை உறவு இல்லாத இடத்தில் நம்பிக்கைக்கு மாற்று ஏற்பாடு தேடியதில் அவை ஒன்றுபடுகின்றன. ஆண்டுக்கு 60 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டவர் வந்துபோகும் தீவில் அந்த ஏற்பாடு இன்னும் முழுமையடையவில்லை. அதுவரை, விவரமான வாடிக்கையாளர் செய்துவந்த வேலையில் ஒரு பங்கைப் பயணி தானே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. சோழமண்டலத் துணியை விரித்துப் பார்த்து வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய தீவுவாசிகளிடம் அதற்கான பாடம் இருக்கிறது: அவர்கள் விலையோடு சேர்த்துத் துணியையும் படித்தார்கள், அதனால் அவர்களுக்கு நல்ல துணி நெய்யப்பட்டது.